அந்த ஹம்மிங் யாருடையது?

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேரையாவது எங்கள் அப்பா ஏதாவது ஒரு கல்யாண வீட்டில் ஓரம் கட்டி, பழைய சினிமாவில் ஒரு கேள்வி கேட்டு மடக்கியிருப்பார். பதில் தெரியாமல் விழித்தவர்கள் வெட்கப்பட வேண்டாம். அவர் சொன்ன பதில்களிலும் பாதி தப்புதான். இதை நான் சொல்லவில்லை, அம்மா சொல்கிறார். அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது, ஒரு மலர் போடலாம் என்று நானும் தம்பியும் பேச்செடுத்தபோது அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "அந்த ஹம்மிங் சமாச்சாரத்தை எழுதணும். யார் சொன்னது சரின்னும் போடணும். இல்லேன்னா மலரும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அப்பா பிறந்தது கோவிலம்பாக்கத்தில். பள்ளிப் படிப்பு முடியும் முன்பே தகப்பனாரை இழந்து, இரண்டு தங்கைகளைக் கரையேற்றும் பொறுப்பைத் தோளில் ஏற்றவர். குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். அதை இழுத்து மூடியபோது எனக்கும் தம்பிக்கும் விவரம் தெரியாத வயது. அப்பா முகத்தில் ஒரு நாளும் அதைக் காட்டியதில்லை. தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை போட்டு எங்களைப் படிக்க வைத்தார். மெஷின் சூடாகும்வரை நிற்கும் காலேஜ் பிள்ளைகளிடம், "இந்தப் பாட்டு எந்தப் படம், சொல்லு பார்ப்போம்" என்று ஆரம்பித்துவிடுவார். அதனால் ரயிலைத் தவறவிட்டவர்களும் உண்டு.

அம்மா சேலையூரில் கணக்கு டீச்சர். கல்யாணமான புதிதில் இருவரும் தாம்பரத்தில் ஒரு தியேட்டரில் படம் பார்த்தார்கள். அதில் ஒரு பாட்டு தொடங்கும் முன் ஒரு பெண்குரல் ஹம்மிங் வரும். அதைப் பாடியது கதாநாயகியாக நடித்தவரே என்றார் அப்பா. இல்லை, பாட்டைப் பாடிய பாடகிதான் என்றார் அம்மா. தியேட்டரிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது ஆரம்பித்த வாக்குவாதம், பேரப்பிள்ளைகள் பிறந்த பிறகும் முடியவில்லை.

"குரல்ல லேசா ஜலதோஷம் இருக்கு, கவனிச்சியா டீச்சரம்மா? பாடகின்னா அதோட பாட விடுவாங்களா?" என்பார் அப்பா.

"ஜலதோஷம் உங்க காதுல" என்பார் அம்மா.

ஒருமுறை கோவளத்துக்கு மீன் வாங்கப் போய், இந்த வாக்குவாதம் முற்றி, மீன் பையை அங்கேயே மறந்து வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார்கள். அன்று ராத்திரி எங்களுக்கு ரசமும் அப்பளமும்தான். அப்போதும் இருவரும் ஒருவரையொருவர் குறை சொல்லவில்லை, ஹம்மிங்கைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

செல்போனைப் பார்த்துப் பதில் சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். தலைதீபாவளிக்கு வந்த என் கணவருக்கு அது தெரியாது. நல்ல பெயர் வாங்கலாம் என்று, "இருங்க மாமா, ஒரு நிமிஷத்துல பார்த்துடலாம்" என்று போனை எடுத்தார். "மாப்பிள்ளை, அதை உள்ள வைங்க" என்று அப்பாவும் அம்மாவும் ஒன்றாகச் சொன்னார்கள். அன்று முழுக்க இருவரும் ஒரே கட்சி. பாவம் அந்த மனுஷன், அதிரசத்தைத் தின்பதற்கு மட்டும்தான் வாயைத் திறந்தார்.

அப்பாவுக்கு இதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, அம்மா கட்டில் பக்கத்தைவிட்டு நகரவில்லை. அப்பா தெளிவாகப் பேசிய கடைசிச் சாயங்காலம், "அந்த ஹம்மிங் கதாநாயகி பாடினதுதான். ஒத்துக்கோயேன்" என்றார்.

"முடியாது" என்றார் அம்மா.

அப்பா சிரித்தார். நாங்கள் பார்த்த அவருடைய கடைசிச் சிரிப்பு அதுதான். போகிற நேரத்தில்கூட விட்டுக்கொடுக்கவில்லையே என்று எனக்கு அம்மாமேல் கோபம் வந்தது. சில மாதம் அது உள்ளுக்குள் இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிவியில் அந்தப் பாடகியின் பேட்டி. வயதான அந்த அம்மையார் அதே பாட்டை இரண்டு வரி பாடிக் காட்டிவிட்டு, "ஹம்மிங்கும் நானேதான் பாடினேன். அன்னிக்கு எனக்கு நல்ல ஜலதோஷம், அப்படியே எடுத்துட்டாங்க" என்றார்.

தம்பி துள்ளி எழுந்து, "அம்மா, நீ ஜெயிச்சுட்டே" என்றான். அம்மா டிவியை நிறுத்தினார். "யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்று கேட்டார். எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. என் கோபமும் அன்றோடு போயிற்று.

அப்பாவை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் சகோதரிகளுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் வந்து நின்ற ஆட்டோ அண்ணாவுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் இட்லியும் காபியும் கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டு அக்காவுக்கும், தூரம் பாராமல் வந்து தோள் கொடுத்த சொந்தபந்தங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

நிபந்தனைப்படி தீர்ப்பையும் எழுத வேண்டுமே. ஜலதோஷத்தைச் சரியாகக் கண்டுபிடித்தவர் அப்பா, ஆகவே இருவருக்கும் வெற்றி என்று எழுதி அம்மாவிடம் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அந்த வரியை அடித்துவிட்டு, "அவர் தோத்துட்டார்னு போடு" என்றார். போட்டுவிட்டேன்: அப்பா தோற்றுவிட்டார்.

"இப்பவாவது விட்டுக்கொடுக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டேன்.

"விட்டுக்கொடுத்தா அவருக்குப் பிடிக்காதுடி. கோபம் வந்தா வந்து சண்டை போடட்டும். நான் இங்கதானே இருக்கேன்."