அம்புஜம் மிஸ்ஸும் வீடியோ மிஸ்ஸும்

அம்புஜம் மிஸ் வேண்டுமென்றே தப்பாகக் கணக்குப் போடுவாள். அதுதான் அவள் பாடம் நடத்தும் விதம். கரும்பலகையில் ஒரு தப்பை எழுதிவிட்டு, ஒன்றும் அறியாத முகத்தோடு, சாக்பீஸைக் கையில் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்பாள். ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து "மிஸ், தப்பு!" என்று கத்தும்வரை நிற்பாள். கத்திய பிள்ளை பலகைக்குப் போய்த் திருத்த வேண்டும். மிஸ் போய் அந்தப் பிள்ளையின் இடத்தில் உட்கார்ந்துகொள்வாள். வகுப்பு அமளிதுமளிப்படும். பக்கத்து அறையில் டெல்லி சுல்தான்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் எனக்கு என் குரலே கேட்காது. இதற்காக அவளோடு எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். "நீயும் ஒரு சுல்தானை மாத்திச் சொல்லிப் பாரு டீனா, தூங்கற பசங்க முழிச்சிக்கும்" என்பாள்.

பெங்களூர் ஒக்கலிபுரத்துக்காரி. அப்பா சிட்டி ஸ்டேஷனில் மூட்டை தூக்கியவர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கறிக்கடையில் உருது என்று வளர்ந்ததால் எந்தப் பிள்ளை எந்த பாஷையில் சந்தேகம் கேட்டாலும் அந்த பாஷையிலேயே திட்டுவாள். கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டால், "மறந்துட்டேன் போ" என்பாள். அடுகோடியில் லேத்து பட்டறைகளுக்கு நடுவே இருக்கிற எங்கள் சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக் கணக்கு என்றால் அம்புஜம்தான். அந்த ஒரு வகுப்பைத் தவிர அவள் வேறு எதையும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

போன வருஷம் எங்கள் நிர்வாகத்துக்கு டிஜிட்டல் மோகம் பிடித்தது. வகுப்புக்கு ஒரு பெரிய திரை, பிள்ளைக்கு ஒரு டேப்லெட். ஒவ்வொரு பாடத்துக்கும் சிறந்த டீச்சரைத் தேர்ந்தெடுத்து வீடியோ எடுத்து, எங்கள் பள்ளியின் மூன்று கிளைகளிலும் அதையே போடுவது என்று முடிவானது. கணக்குக்கு அம்புஜம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். டேப்லெட்டுக்கு ஆப் செய்து கொடுத்த கம்பெனியிலிருந்து கிஷோர் என்ற பையன் கேமராவோடு வந்தான். கரூர்க்காரன், வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுகிற மரியாதைக்காரன். காலி நூலக அறையில், ஒரு பிள்ளை கூட இல்லாமல் படப்பிடிப்பு நடந்தது.

பழக்கதோஷம் விடுமா? அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்ட வேண்டிய இடத்தில், மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதினாள். எழுதிவிட்டு கேமராவைப் பார்த்து நின்றாள். கத்துவதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்? ரொம்ப நேரம் நின்றுவிட்டு, அவளே சிரித்துக்கொண்டு பலகையை அழித்து, ஆறில் ஐந்து என்று சரியாகப் போட்டுக் காட்டினாள்.

கம்பெனியில் அதை வெட்டி ஒட்டிய புண்ணியவான் என்ன நினைத்தானோ, அந்த அமைதியை எடுத்துவிட்டான். அதற்குப் பிறகு அதே கணக்கு மறுபடியும் வருவதைப் பார்த்து, இது ரீடேக் என்று அதையும் எடுத்துவிட்டான். மிஞ்சியது தப்பு மட்டும். வீடியோவில் சொன்னதைக் கேட்டு கம்ப்யூட்டரே கேள்வியும் விடையும் தயாரித்துக்கொள்ளுமாம். அதுவும் ஐந்தில் இரண்டுதான் சரியான விடை என்று எழுதி வைத்துக்கொண்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

வீடியோ ஓடும்போது டீச்சர் பாடம் நடத்தக் கூடாது, பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டால் போதும் என்பது புது விதி. அம்புஜம் பின் பெஞ்சில் உட்கார்ந்து, திரையில் தன்னையே பார்த்தாள். ஐந்தில் இரண்டு வந்தது. பிள்ளைகள் இப்போது கத்துவார்கள் என்று காத்திருந்தாள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நேரில் சொன்னால் பாய்ந்து பிடிக்கிற பிள்ளைகள், திரை சொன்னதும் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டார்கள். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றாலும் திரையில் வந்தால் நம்பிவிடுவார்கள் போலிருக்கிறது.

ரக்ஷிதா என்கிற பெண் மட்டும் டேப்லெட்டில் ஆறில் ஐந்து என்று போட்டாள். சிவப்பு வந்தது. அழித்துவிட்டு ஐந்தில் இரண்டு போட்டாள். பச்சை வந்தது. அம்புஜம் அவள் பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டாள்.

"ஏ, மொதல்ல கரெக்டாத்தானே போட்ட? எது ரைட்டு சொல்லு."

ரக்ஷிதா யோசித்தாள். "உங்களுக்குன்னா ஃபைவ் பை சிக்ஸ் மிஸ். வீடியோ மிஸ்ஸுக்குன்னா டூ பை ஃபைவ்."

அன்று மத்தியானம் அம்புஜம் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

ஹெட்மாஸ்டர் வெங்கடசாமி சாரிடம் போனாள். நல்ல மனுஷர், யாரையும் நோகடிக்கத் தெரியாது, எதையும் முடிக்கவும் தெரியாது. "பர்வாகில்ல மிஸ், யானைக்கும் அடி சறுக்கும்" என்றார்.

"சறுக்கல சார். வேணும்னுதான் போட்டேன்."

"வேணும்னே தப்பா போட்டீங்களா?" அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிஷோருக்குப் போன் போட்டுக் கொடுத்தார்.

"தப்பு எங்களோடதுதானுங்க மேடம்" என்று கிஷோர் உடனே ஒப்புக்கொண்டான். "ஆனா மாத்தணும்னா ரிவ்யூவுக்குப் போகணுங்க. டெர்ம் முடிஞ்சுதான் முடியும். மத்த ரெண்டு பிராஞ்சுல எல்லாப் பசங்களும் கரெக்டுங்க, ஒரு கம்ப்ளெய்ன்ட் கூட வரலீங்க."

டெர்ம் பரீட்சையும் அதே ஆப்பில்தான் நடக்கப்போகிறது. அதே கேள்விகள், அதே விடைகள். பிள்ளைகள் சரியாக எழுதினால் மார்க் போகும், தப்பாக எழுதினால் மார்க் வரும். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"நான் பசங்க கிட்ட என்ன சொல்லட்டும் டீனா?"

"சும்னே இரு" என்றேன். "மார்க் வரட்டும். டெர்ம் முடிஞ்சதும் சரியாச் சொல்லிக் குடு."

"அரை தோசையோட இன்னொரு துண்டு சேர்த்தா அரை தோசையை விடக் கொறையுமா? என் வாயால நான் எப்படிச் சொல்வேன்?"

"ஏற்கெனவே உன் வாயாலதானே சொல்லியிருக்க" என்றேன். என் நாக்கில் சனி. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "அதாண்டி எனக்கும் கொழப்பமா இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

பரீட்சை அன்று காலையில் வகுப்புக்குப் போய், ஆறில் ஐந்து எப்படி வருகிறது என்று பலகையில் போட்டுக் காட்டிவிட்டு, "நான் நேர்ல சொல்லிக் குடுத்ததை எழுதுங்க" என்றாள்.

"ரெட் வருமே மிஸ்" என்றாள் ரக்ஷிதா.

"வரட்டும். எனக்காக வாங்கிக்கோங்க."

வாங்கிக்கொண்டார்கள். வகுப்பு முழுக்க, அழுத பிள்ளைகள் கூட, சிவப்பு வாங்கிக்கொண்டார்கள். பின்னங்களில் எங்கள் கிளை கடைசி. பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் பிய்த்து உதறினார்கள். மற்ற இரண்டு கிளைகளும் பச்சைப் பசேலென்று இருந்தன.

அடுத்த வாரம் ஆப்பிலிருந்து அம்புஜத்துக்கு ஒரு செய்தி வந்தது. உங்கள் வகுப்பு பின்னங்களில் பின்தங்கியுள்ளது. சிறந்த ஆசிரியர் ஒருவரின் பாடத்தைப் பார்த்து, உங்கள் திறனை மேம்படுத்திக்கொள்ளுங்கள். திறந்தால் பட்டுப்புடவையோடு அவளே நிற்கிறாள்.

பார்த்துவிட்டுத் தேர்வும் எழுத வேண்டும், இல்லையென்றால் மேலிடத்தில் கேட்பார்கள் என்று வெங்கடசாமி சார் கையைப் பிசைந்தார். அம்புஜம் ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். முழுதும் பார்த்தாள். கேள்வி வந்தது. ஆறில் ஐந்து என்று அழுத்தினாள். சிவப்பு. ஆசிரியை அம்புஜம் கூறுவதைக் கவனமாகக் கேட்டு மீண்டும் முயலவும் என்று வந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"அந்த இன்னொண்ணை அமுக்கிடுங்க மிஸ்" என்றார் சார், கெஞ்சாத குறையாக. "இதுலயும் ரெட்டுன்னா மேத்ஸ் க்ளாஸ் எடுக்க விட மாட்டாங்க. நான் சொன்னாலும் கேக்க மாட்டாங்க."

அம்புஜத்தின் விரல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அந்த வகுப்பு அவளுக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். அமுக்கித் தொலையேன் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"பசங்களை ரெட் வாங்க வெச்சுட்டு நான் மட்டும் பச்சை வாங்கறதா சார்?" என்று கேட்டுவிட்டு, மறுபடியும் ஆறில் ஐந்தையே அழுத்தினாள்.

புது டெர்முக்கான டைம்டேபிள் ஸ்டாஃப் ரூம் சுவரில் ஒட்டப்பட்டது. அம்புஜம் மிஸ்ஸுக்கு இரண்டாம் வகுப்பு ஈவிஎஸ், அதாவது சூழ்நிலையியல். ஆறாம் வகுப்புக் கணக்கு என்ற கட்டத்தில் 'அம்புஜம் – வீடியோ' என்று போட்டிருந்தது. அம்புஜத்திடமிருந்து பிடுங்கி அம்புஜத்திடமே கொடுத்துவிட்டார்கள்.

அவள் அதை ரொம்ப நேரம் நின்று படித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "டீனா, இப்ப எனக்கு க்ளாஸ் இருக்கா, இல்லையா?" என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். மணி அடித்தது. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அவள் வராந்தாவில் நின்றாள். ஆறாம் வகுப்பிலிருந்து, "குட் மார்னிங் சில்ட்ரன்" என்று அவள் குரல் கேட்டது.