சுற்றிலும் வாசல்

செம்புத் தகட்டை எங்கே வைப்பது என்பதில்தான் தகராறு.

"ஏணிக்குப் பக்கத்துல அடிச்சா, ஏறுறவுக கை தானா அதுல படும்," என்றார் அய்யாதுரை. வாயில் இரண்டு பித்தளை ஆணி. கையில் பித்தளைச் சுத்தியல்.

"அண்ணே, இது வாடகைப் படகு. ஆணி அடிச்சா ஓனர் நம்மள கடல்ல எறக்கி விட்டுருவான்," என்றான் மணிகண்டராஜ்.

"அப்ப கம்பியால கட்டுதேன்."

கட்டினார். தகட்டிலிருந்து ஒரு ஒயரை இழுத்துத் தண்ணீருக்குள் விட்டார். அவர் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் போர்மேன். அங்கே ஒவ்வொரு மருந்து அறை வாசலிலும் இப்படி ஒரு தகடு உண்டு. அதைத் தொட்டு, உடம்பில் ஏறியிருக்கும் கரண்டை மண்ணுக்கு அனுப்பிய பிறகுதான் உள்ளே கால் வைக்கலாம். போர்ட் பிளேர் துறையில் நிற்கும் படகுக்கு மண் ஏது?

"கடலை விட நல்ல எர்த்து எங்கன கிடைக்கும்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

படகில் தங்க வந்த ஆறு பேரும் வரிசையில் நின்று தகட்டைத் தொட்டார்கள். யோகா என்று சொல்லி அழைத்திருந்ததால் தொட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஜெர்மன்காரர் ஒருவர் இருந்தார், வயது எழுபது. அவர் திரும்பி வந்து இன்னொரு முறை தொட்டார்.

இரண்டாயிரத்து எட்டு தீபாவளி முடிந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. சிவகாசியில் சீசன் ஓய்ந்து, லாரிகளெல்லாம் பட்டறைக்குப் போயிருந்த நேரம். மணிகண்டராஜ் முதலாளியின் ஒரே மகன். மேல்படிப்புக்கு ஆஸ்திரேலியா போனவன், படிப்பை விட நன்றாக நீச்சலைக் கற்றுக்கொண்டு திரும்பியிருந்தான். திரும்பியதும் அப்பாவிடம் தன் திட்டத்தைச் சொன்னான். ஒரு படகு. ஆறே ஆறு விருந்தாளிகள். ஏழு நாள் படகிலேயே சாப்பாடு, படகிலேயே தூக்கம். விடிந்ததும் மேல்தட்டில் யோகா. பிறகு முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போய் மீன், ஆமை, பவளம் பார்ப்பது. சாயங்காலம் மறுபடி யோகா.

முதலாளி சீனிவாசகம் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"சிலிண்டரு எத்தன?"

"இருபத்தி நாலுப்பா."

"அதுக்குப் பக்கத்துல படுத்துக் கண்ண மூடுவாகளா?"

"அது சவாசனம்ப்பா."

"பேரே சரியில்லையேலே."

உடனே அய்யாதுரைக்கு ஆள் போனது. "நீ ஒரு நடை கூடப் போயிட்டு வா. நம்ம ரூமைப் பாக்குற மாதிரியே பாரு. நீ சரின்னு எழுதிக் குடுத்தா அவன் போட்டு ஓட்டட்டும். இல்லைன்னா வந்த மறுநாளே ஆபீசுல உக்காந்து ஆர்டர் எடுக்கட்டும்."

ஆபீசில் மேஜை தயாராக இருந்தது. நாற்காலியின் முதுகில் புது டர்க்கி டவல்கூடப் போட்டாகிவிட்டது. கிளம்பும்போது மணிகண்டராஜ் அந்த டவலைக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். அப்புறம் அய்யாதுரையின் பெட்டியை அவனே தூக்கிக்கொண்டான்.

அய்யாதுரையின் இடது புருவம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. எண்பத்தைந்தில் ஒன்பதாம் நம்பர் அறையில் நாலு பேர் மருந்து செலுத்திக்கொண்டிருந்தார்கள். வாசலோரம் இருந்த அய்யாதுரைக்கு மட்டும் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது. "ஓடுங்க!" என்றார். மூன்று பேர் ஓடினார்கள், கடைசியாக அவர் ஓடினார். அறை போயிற்று, புருவம் போயிற்று, ஆள் ஒருத்தரும் போகவில்லை. அந்தக் காதுக்காகத்தான் முதலாளி அவரைப் போர்மேனாக்கினார். ஓடிய மூவரில் ஒருத்தி குருவம்மாள். அடுத்த தை மாதம் அவரையே கட்டிக்கொண்டாள். நன்றிக்காகவா என்று ஊரில் கேட்டார்கள். "ஓடு ஓடுன்னு சொல்ற மனுசன். எங்கயும் ஓடிப்போயிராம ஒருத்தி பாத்துக்கிடணும்ல," என்றாள் அவள்.

இன்றுவரை அவர் வீட்டில் குக்கர் அடுப்பில் ஏறினால் அவர் தெருவில் இறங்கிவிடுவார். மூன்றாவது விசில் அடங்கிய பிறகுதான் உள்ளே வருவார். தெருக்காரர்கள் அவரை வைத்துத்தான் அந்த வீட்டில் சோறு வெந்ததா என்று தெரிந்துகொள்வார்கள்.

படகில் அவர் கம்பெனியின் சோதனைத் தாளை அட்டையில் செருகி வைத்திருந்தார். பதினோரு வரிசை. ஒவ்வொன்றுக்கும் எதிரே சரி அல்லது தவறு எழுத வேண்டும்.

முதல் வரிசை, தண்ணீர் வாளி.

"தண்ணி வாளி எங்க பாய்?" என்று சாபிரிடம் கேட்டார். சாபிர் கீழக்கரைக்காரர், நாற்பத்தைந்து வயது. சிலிண்டருக்குக் காற்று அடைப்பதும் அதைக் காபந்து பண்ணுவதும் அவர் வேலை.

சாபிர் நாலு பக்கமும் கடலைப் பார்த்தார். "எவ்வளவு வேணும்ண்ணே?"

"கடல்ல தண்ணி இருக்குங்கது எனக்கும் தெரியும். வாளியில இருக்கான்னுதான் தாள்ல கேக்குறான்."

வாளியில் மொண்டு வைத்தார்கள். படகு ஆடி அது கொட்டியது. மறுபடி மொண்டார்கள். ஏழு நாளும் சாபிருக்கு அது ஒரு தனி வேலையாகிவிட்டது.

நாலாவது வரிசை, உடை. யோகா சொல்லிக்கொடுக்க மதுரையிலிருந்து பிரீத்திகா வந்திருந்தாள். உடம்போடு ஒட்டிய பளபளப்பான கால்சட்டை.

"இது என்ன துணி தாயி?"

"நைலான் மாதிரிங்க. இழுத்தா இழுபடும்."

"எங்க கம்பெனியில இந்தத் துணியோட வாசலத் தாண்ட முடியாது. பருத்திதான். இது ஒண்ணோடொண்ணு உரசும்."

"பருத்தியில காலை இம்புட்டுத் தூக்க முடியாதுங்களே."

"தூக்காம இருந்தா என்ன கெட்டுப்போச்சு?"

பிரீத்திகா மணிகண்டராஜைப் பார்த்தாள். அவன் டவலை நினைத்துக்கொண்டு கடலைப் பார்த்தான். கடைசியில் அய்யாதுரை அந்த வரிசையில் 'ஈரமாக இருக்கும்போது சரி' என்று எழுதினார்.

மூன்றாம் நாள் படகு பாரன் தீவுக்குப் போனது. ஆள் இல்லாத தீவு, நடுவில் எரிமலை, உச்சியிலிருந்து புகை. விருந்தாளிகள் படம் எடுத்தார்கள். அய்யாதுரை கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"இதுக்கு யாரு பொறுப்பு பாய்?"

"அல்லாதாண்ணே."

அய்யாதுரை தீவைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். "கரெக்டாத்தான் வச்சிருக்காரு. பக்கத்துல ஒரு வீடு இல்ல பாத்தீகளா?"

ஆறாம் நாளுக்குள் பத்து வரிசை முடிந்தது. பதினோராவதில்தான் சிக்கல். 'ஆபத்தில் ஆட்கள் அனைவரும் வெளியேற ஆகும் நேரம்.' கம்பெனியில் அய்யாதுரை திடீரென்று விசில் ஊதுவார். எல்லோரும் போட்டது போட்டபடி மைதானத்துக்கு ஓட வேண்டும். அவர் வாய்க்குள் எண்ணுவார். இதுவரைக்கும் ஆன குறைந்த நேரம் பதினாலு செகண்ட்.

"ஒரே ஒரு விசில் தம்பி," என்று மணிகண்டராஜிடம் கேட்டார்.

"அண்ணே, இவங்க நிம்மதியா இருக்கணும்னு வந்தவங்க. அவங்கள ஓட விடச் சொல்றீகளா? எங்க ஓடுவாங்க, அங்கிட்டு ஆறு அடி, இங்கிட்டு ஆறு அடி?"

"அதத்தான் நானும் கேக்குதேன். எங்க ஓடுவாக?"

மணிகண்டராஜ் தாளை எட்டிப் பார்த்தான். "இத எழுதாம விட்ர முடியாதா?"

"வெறுமன விட்டா தவறுன்னு அர்த்தம் தம்பி. உங்க அப்பா அந்தத் தாளைக் கடைசி வரிசையிலருந்துதான் படிப்பாரு."

அன்று ராத்திரி மணிகண்டராஜ் சாப்பிடவில்லை. அய்யாதுரைக்கும் பாவமாகத்தான் இருந்தது. பையனைக் கைக்குழந்தையாகப் பார்த்தவர். ஆனால் பாவம் என்று எழுத அந்தத் தாளில் இடம் கிடையாது.

ஏழாம் நாள் காலை, கடைசி யோகா. இதுவரை அவர் அந்தப் பக்கம் போனதில்லை. வேலை நேரத்தில் கண்ணை மூடும் பழக்கம் அவருக்கு இல்லை. அன்றைக்கு பிரீத்திகாவே ஒரு பாயை விரித்து அவரைக் கூப்பிட்டாள்.

"ஒண்ணும் செய்ய வேண்டாங்க. படுத்துக்கிட்டு காதுல விழுற சத்தத்தை மட்டும் கவனிங்க. அம்புட்டுத்தான் சவாசனம்."

"சத்தத்தை மட்டுமா?"

"மட்டும்."

அது தனக்கு வரும் என்று அய்யாதுரைக்குத் தோன்றியது. ஆறு விருந்தாளிகளுக்குப் பக்கத்தில் வேட்டியை இழுத்துச் சரிசெய்துகொண்டு மல்லாந்தார். கவனித்தார். தண்ணீர் படகின் வயிற்றைத் தட்டியது. கயிறு முனகியது. ஜெர்மன்காரரின் மூக்கு. சமையற்கட்டில் மணிகண்டராஜ் காப்பி ஆற்றுவது. படகின் பின்பக்கம் சமையல்காரரும் படகோட்டிகளும் பேசிக்கொள்வது, சாபிர் செருப்பில்லாமல் நடப்பது. எல்லாம் தனித்தனியாக, சுத்தமாகக் கேட்டன. நல்ல வித்தைதான் என்று நினைத்தார்.

'ஸ்ஸ்ஸ்' என்றது.

"ஓடுங்க! ஏ ஓடுங்க!"

எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. முதலில் எழுந்த சென்னை டாக்டரைத் தோளில் கை வைத்துத் தள்ளினார். டாக்டர் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தார். அவர் மனைவி தானாகவே போனாள். பெங்களூர்க்காரர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். பிரீத்திகா "என்ன, என்ன" என்று கேட்டபடியே போனாள். ஐந்தாவது விருந்தாளியான புனே அம்மாள் ஏணி வழியாக இறங்கப் பார்த்தாள். அய்யாதுரை அதற்கு நேரம் தரவில்லை. சமையற்கட்டிலிருந்து மணிகண்டராஜ் காப்பி டம்ளரோடு ஓடி வந்து, ஒன்றும் கேட்காமல், டம்ளரோடு குதித்தான். சிவகாசியில் வளர்ந்தவன் அந்தக் குரலுக்குக் காரணம் கேட்க மாட்டான்.

ஜெர்மன்காரர் மட்டும் அசையாமல் கிடந்தார். இதெல்லாம் சலனப்படாமல் கேட்டுக்கொள்ள வேண்டிய சத்தம் என்று அவர் நினைத்திருக்கிறார். அய்யாதுரை அவரைப் பாயோடு உருட்டி விட்டார். பிறகு தானும் குதித்தார்.

விஸ்வநத்தத்துக் கிணற்றில் நீச்சல் பழகியவர்தான். ஆனால் கிணற்றில் வேட்டி இப்படி விரிந்து தலைக்கு மேல் வந்ததில்லை. அதை விலக்கிவிட்டுப் பார்த்தபோது மேல்தட்டில் சாபிர் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு சின்ன ரப்பர் வளையம்.

"வாசர் போச்சுண்ணே. காத்து லீக்கு. மூடிட்டேன்." சாபிர் விரிந்து கிடந்த பாய்களைப் பார்த்தார். "எல்லாரும் எங்க போயிட்டீக?"

டாக்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தபோது அவர்களுக்கு நடுவில் ஒரு ஆமை தலையை நீட்டியது. ஆறு நாளாக அத்தனை சிலிண்டரைக் கட்டிக்கொண்டு தேடியும் கிடைக்காத ஆமை. சோதனைக்கு வந்த அதிகாரியைப் போல ஒவ்வொருவரையாகப் பார்த்தது. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டது. டாக்டர் தான் சொல்ல வந்ததில் பாதியை மறந்துவிட்டார். மீதிப் பாதியைப் படகில் ஏறியதும் சொன்னார். துறைக்கு வரும் வரைக்கும் சொன்னார்.

அய்யாதுரை ஈரத்தோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். இருபத்து மூன்று வருஷத்தில் அந்தக் காது தப்பாகச் சொன்னது இதுதான் முதல் தடவை. மணிகண்டராஜ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் கையில் டம்ளர் இன்னும் இருந்தது.

"எல்லாம் போச்சுல்லண்ணே?"

அய்யாதுரை அட்டையை எடுத்தார். பதினோராவது வரிசையில் ஏதோ எழுதினார். எழுதியதை அவனுக்குக் காட்டவில்லை.

சிவகாசி ஆபீசில் சீனிவாசகம் தாளைக் கடைசி வரிசையிலிருந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். மணிகண்டராஜ் டவல் போட்ட நாற்காலியில் உட்காராமல் அதன் பக்கத்தில் நின்றான்.

"ஒம்பது செகண்டா?"

"ஒம்பதுதான் முதலாளி. ஓடும்போதுகூட வாய் எண்ணிக்கிட்டேதான் இருந்துச்சு."

"எதுக்கு ஓடுனீக?"

"வாசர் லீக்கு. மருந்துன்னு நெனச்சிட்டேன். தப்பு என்னுது. அதையும் கீழ எழுதியிருக்கேன்."

"மருந்தாவே இருந்திருந்தா?"

"மருந்தாவே இருந்திருந்தா, எட்டுப் பேரும் உசுரோட இருக்காக. என்னையும் சேத்து ஒம்பது."

"சமையக்காரரு? பாயி?"

"சமையக்காரரு பின்னால படகோட்டிகளோட இருந்தாரு. அவுக எல்லாம் சத்தத்துக்குப் பக்கத்துல நின்னு சிரிச்சிக்கிட்டு இருந்தாக. அதுவும் கீழ எழுதியிருக்கேன்."

சீனிவாசகம் தாளைத் திருப்பிப் போட்டார். "நம்ம கம்பெனியில பதினாலுக்குக் கீழ வந்ததே இல்லையேய்யா."

"நம்ம ரூமுக்கு ரெண்டு வாசல், மூணு வாசல். அந்தப் போட்டுக்குச் சுத்தியும் வாசலு முதலாளி. எந்தப் பக்கம் விழுந்தாலும் வெளிய."

"அப்ப நம்மளும் சுத்தியும் வாசல் வைக்கணுமோ?"

"சுத்தியும் தண்ணியும் வேணும். ஆனைக்குட்டம் டேமுலயே இப்ப தண்ணி இல்ல."

முதலாளி சிரிக்கவில்லை. பேனாவை எடுத்துத் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டார். பிறகு மகனைப் பார்த்தார்.

"ஓட்டுலே. அந்தச் செம்புத் தகடு மட்டும் அங்கனயே இருக்கட்டும்."

மறுநாள் திங்கட்கிழமை. அய்யாதுரை ஏழரை மணிக்குக் கம்பெனிக்குப் போனார். தகட்டைத் தொட்டார். பதினோரு மணிக்கு விசில் ஊதினார். எல்லோரும் வெளியே வரப் பதினாறு செகண்ட் ஆனது. அதை நோட்டில் எழுதினார். ஆபீசில் டவல் போட்ட நாற்காலியில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. சாயங்காலம் டவுன் பஸ்ஸில் வீட்டுக்குப் போனார். குருவம்மாள் குக்கரை அடுப்பில் ஏற்றினாள். அவர் தெருவில் போய் நின்றார். மூன்றாவது விசில் அடங்கியதும் உள்ளே போய்ச் சாப்பிட்டார்.