தமிழிலேயே செய்யும் என்று சொன்ன பீடாதிபதி

எங்கள் பல்கலைக்கழகத்தில் பீடாதிபதியைப் பீடச் சபையின் வாக்குகளே தீர்மானிக்கும். இரண்டாம் முறையும் அந்தக் கதிரையில் இருக்க நான் ஆசைப்பட்டேன். என் துறையின் மூத்த பேராசிரியர் சொல்கிற பக்கம் வாக்குப் போட ஒரு கூட்டம் இருந்தது.

அதே மாதம் துறையில் ஒரு நிரந்தர விரிவுரையாளர் இடம் வந்தது. பல வருடங்களாகத் தற்காலிகமாகப் படிப்பித்த ஒருத்தி விண்ணப்பித்திருந்தாள். தொண்டைமானாற்றிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். இது கிடைக்காவிட்டால் மாத முடிவோடு அவள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

"சேர், நேர்முகத்திலை மாதிரி விரிவுரையை எந்த மொழியிலை செய்யட்டும்?"

"தமிழிலையே செய்யும் பிள்ளை. ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்."

அப்போது அதை மனதாரத்தான் சொன்னேன்.

நேர்முகத்துக்கு முதல் நாள் பின்னேரம் பேராசிரியர் என் அறைக்கு வந்தார்.

"என்னட்டைப் படிச்ச பெடியன் ஒருத்தனும் விண்ணப்பம் போட்டிருக்கிறான். எலெக்சனும் வருது. உமக்கு விளங்கும்தானே?"

"அவள் கெட்டிக்காரி, சேர்."

"ஓம், தமிழிலை." சிரித்துக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் அவள் திரையில் முதற் படத்தைப் போட்டு, வணக்கம் சொல்லித் தமிழில் பேசத் தொடங்கினாள். நான் மறித்தேன்.

"ஆங்கிலத்திலை செய்யும்."

"சேர், நீங்கள்தானே..."

"நான் என்ன?"

நேர்முகக் குழு முழுவதும் அவளைப் பார்த்தது. ஒரு வசனத்தில் அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். செய்யவில்லை. ஆங்கிலத்தில் தொடங்கினாள், தடுமாறினாள், நின்றாள்.

"தண்ணி குடியும் பிள்ளை, ஆங்கிலம் தொண்டையிலை சிக்கிப்போச்சு" என்றார் பேராசிரியர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பெடியன் தெரிவானான். நானும் வென்றேன். தலைமைத்துவத்தின் சவால்கள் என்று பின்னர் பல மேடைகளில் பேசினேன். இதை ஒன்றிலும் சொல்லவில்லை.

வென்றவர் தேநீர் விருந்து வைப்பதும், தற்காலிக விரிவுரையாளர்கள் பரிமாறுவதும் எங்கள் பீடத்து வழக்கம். மாதம் முடிய இன்னும் சில நாள் இருந்தபடியால் அவளும் வந்திருந்தாள். ரோல்ஸ் அடுக்கிய பலகாரத் தட்டை என் முன்னால் நீட்டினாள்.

"எடுங்கோ சேர்."

ஒன்று எடுத்தேன். அவள் நகரவில்லை, நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றிருக்கவேண்டும்.

"சூடாறிப்போச்சு பிள்ளை. வேறை கொண்டு வாரும்" என்றேன்.

"ஓம் சேர்" என்று போய்க் கொண்டுவந்தாள்.