மயில்சாமியும், பிரேக்கை மிதித்தால் சாய்ந்த டீசல் முள்ளும்

மயில்சாமி போய்விட்டான். பெருமாநல்லூரில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தானே... அவன்தான். விடிகாலை நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

காலையிலிருந்து குரூப்பில் ஆளாளுக்கு அவன் போட்டோ போடுகிறார்கள். தங்கமான மனுசன், சிரித்த முகம் என்று. சிரித்த முகமா? என்னைப் பார்த்து அவன் சிரித்ததே கிடையாது.

நானும் அவனோடு எட்டு மாதம் பேசாமல் இருந்தவள்தான். அதை மறைத்து எழுத எனக்கு வராது.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு ஒரு பழைய லாரியை வைத்துத்தான் பிழைத்தேன். நிட்டிங் கம்பெனியில் துணி ரோல் ஏற்றி சாயப்பட்டறையில் இறக்குகிற வேலை. தேனிப் பக்கத்துப் பாண்டி டிரைவர்.

அந்த வருசம் ஆயுத பூஜை முடிந்ததும் லாரிக்கு ஒரு வியாதி வந்தது. அரை டேங்க் காட்டுகிற டீசல் முள் திடீரென்று அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பிரேக் லைட் ஒரு நாள் எரியும், மறுநாள் எரியாது... ஒர்க் ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினால் எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

பாண்டி என்னிடம் வந்து சொன்னான். "பிரேக்க மிதிச்சா டீசல் முள்ளு சாஞ்சிருதும்மா. கால எடுத்தா ஏறிக்கிருது. வேணும்னா நீங்களே வந்து பாருங்க."

பக்கத்தில் என் கொழுந்தனார் உட்கார்ந்திருந்தார். "பிரேக்க மிதிச்சா வண்டி டீசல் குடிக்குதாமா! அண்ணி, குடிக்கறது வண்டி இல்லீங்க. கேன்ல புடிச்சு விக்கறான், கத கட்டறான்."

நான் போய்ப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் பின்னால் வந்த டெம்போ எங்கள் லாரியில் மோதியது. பிரேக் லைட் எரியவே இல்லை என்றான் டெம்போக்காரன். பாண்டி குடித்துவிட்டு ஓட்டினான் என்றார் கொழுந்தனார்... நான் சாவியை வாங்கிவிட்டேன். திருடன், குடிகாரன் என்று பெயர் வாங்கிக்கொண்டு போனான் அந்தப் பையன். அப்புறம் ஒரு கம்பெனியும் அவனைச் சேர்க்கவில்லை.

இரண்டு ஒர்க் ஷாப்பில் மீட்டரை மாற்றினார்கள், டேங்க் யூனிட்டை மாற்றினார்கள், பிரேக் சுவிட்சை மாற்றினார்கள். மூன்று நாள் நன்றாக ஓடும். நாலாம் நாள் பழைய கதை.

கடைசியில்தான் மயில்சாமியிடம் போனேன். அவன் ஸ்பேனரைத் தொடவே இல்லை.

"டிரைவர் எங்கீங்க்கா?"

"நிறுத்தியாச்சு."

"அவன் என்ன சொன்னான்னு அப்புடியே சொல்லுங்க. ஓட்டுனவன் சொல்றதத்தான் நான் மொதல்ல கேப்பனுங்."

சொன்னேன். என்னையே டிரைவர் சீட்டில் ஏற்றினான். புடவையைச் சுருட்டிக்கொண்டு ஏறினேன். அவன் வண்டியின் அடிச் சட்டத்தை, அந்தச் சேஸை, ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு, "பிரேக்க மிதிங்க" என்றான். மிதித்தேன். முள் சாய்ந்தது. காலை எடுத்தேன். ஏறியது. பாண்டி சொன்னது அப்படியே என் கண் முன்னால்...

ஒரு வயரை எடுத்து ஒரு முனையை பேட்டரி மைனஸில் வைத்தான். இன்னொரு முனையை உள்ளே எங்கேயோ கொடுத்தான். இப்போது மிதித்தால் முள் அசையவே இல்லை. பின்னால் லைட் பளிச்சென்று எரிந்தது.

மீட்டருக்கும் பின் லைட்டுக்கும் சேர்த்து ஒரே எர்த் வயர். சேஸில் ஒரு போல்ட்டில் முடுக்கியிருக்கும். அதைக் கழற்றினான். அடியில் பச்சைப் பெயிண்ட், மொழுமொழுவென்று. வயரைக் கழற்றி பெயிண்ட் அடித்துவிட்டு, அதன் மேலேயே திரும்ப முடுக்கியிருக்கிறார்கள். வயருக்கும் இரும்புக்கும் நடுவில் பெயிண்ட் இருந்தால் கரண்ட் எப்படிப் போகும்? வண்டி குலுங்கி எங்காவது உரசினால் போகும், இல்லாவிட்டால் போகாது. போக வழியில்லாதபோது பிரேக்கை மிதித்தால் லைட்டுக்கு வந்த கரண்ட் மீட்டர் பக்கம் புகுந்து முள்ளைச் சாய்த்துவிடும்.

"இது யாருங்க்கா அடிச்சது?"

"ஆயுத பூஜைக்கு நாந்தான் அடிக்கச் சொன்னேன். அடி சேஸு முச்சூடும்."

"ரெண்டு கோட்டுங்களா?"

"ஆமா."

"அழகா இருக்குதுங். ஒருத்தன் பொழப்பு மேலயே அடிச்சு உட்டிருக்கறீங்க."

கடையில் நாலு பேர் நின்றார்கள். அத்தனை பேர் முன்னால் சொன்னான்.

அதோடு விட்டானா? "பாண்டிய நீங்களே போயிக் கூட்டியாரோணும். ஆள உட்டனுப்புனா இந்த போல்ட்ட நான் முடுக்கமாட்டனுங்."

போனேன். வாடகை ரூமில் துணியை மடித்து பையில் வைத்துக்கொண்டிருந்தான். சாவியைக் கையில் கொடுத்தேன். தப்பு என்னுடையது என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருக்கணும்.

அந்தக் கோபத்தில்தான் மயில்சாமியோடு எட்டு மாதம் பேச்சில்லை. ஆனால் லாரியை வேறு எவன் கடைக்கும் விட்டதில்லை, கேட்டுப் பாருங்கள்.

கொழுந்தனார் மட்டும் பாண்டியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிரைவர்கிட்டப் போய் நான் நிக்கறதா என்றார். பிறகு அவர் கார் எப்போது நின்றாலும் மயில்சாமி பேனட்டைத் திறக்க மாட்டான். "மொதல்ல பாண்டிகிட்டப் போயிட்டு வாங்க, அப்பறம் பாக்கலாமுங்." கடைசி வரைக்கும் அதே பதில்தான்.

அதே கொழுந்தனார் இன்றைக்கு மயில்சாமி போட்டோவுக்கு மாலை சூட்டி "என் உயிர் நண்பன்" என்று எழுதியிருக்கிறார். எனக்கு ஞாபகம் போகவில்லைங்க. படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

இப்போது சாவு வீட்டில்தான் இருக்கிறேன். எமகண்டத்துக்கு முன்னால் எடுக்கணும் என்று கொழுந்தனாரே நின்று அவசரப்படுத்துகிறார். மயில்சாமி சம்சாரம் சரசு என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாண்டியண்ணன் வந்துக்கிட்டிருக்குதுங்க்கா, எடுக்க உட்றாதீங்க" என்றாள்.

ஊரிலிருந்து பாண்டி ஏறி வருகிற பஸ் தாராபுரம் தாண்டிவிட்டதாம்.

வாசலுக்குக் குறுக்கே சேர் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவசரம் இருக்கிறவர்கள் ஊட்டுக்குப் போகலாம். இந்த ஒரு நாளைக்கு எந்த எமகண்டமும் என்னை ஒன்றும் செய்யாது.

மயிலு... இன்னும் ஒன்றரை மணி நேரம்தான் சாமி. பாண்டி முகத்தைப் பார்த்துவிட்டுப் போ.