ஸ்தானிகராலயத்துப் பூசணிக்காய்

படத்தின் பின்னட்டையில் பென்சிலால் எழுதிய குறிப்பு ஒன்று இருக்கிறது. '19' என்ற இலக்கங்கள் மட்டும் தெளிவு. அடுத்த இரண்டும் விரல் பட்டுச் சாம்பல் மேகமாகிவிட்டன. படத்தில் இருப்பவர்களின் உடைகளைப் பார்த்து, முதலாம் உலகப் போருக்கு முந்தியது என்று கணித்திருக்கிறேன். ஏதோ பத்திரிகையில் வந்த கேலிச்சித்திரம். சட்டம் நல்ல மரம் என்பதற்காக லண்டன் வெம்பிளியில் ஒரு பழைய சாமான் கடையில் அப்பா அதை வாங்கினார். சட்டத்துக்குள் வரவேண்டிய சரஸ்வதி வரவேயில்லை. படம் சாமிப்படங்களுக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டது.

தொப்பி போட்ட கொழுத்த கனவான்கள் மேசையைச் சுற்றி நின்று பூமி உருண்டையைக் கத்தியால் வெட்டுவார்கள். ஒவ்வொருவர் மார்பிலும் தோளிலிருந்து குறுக்காக ஒரு பட்டை. எனக்கு அது பூணூல்; உருண்டை, கோயிலில் வெட்டும் நீத்துப் பூசணிக்காய்.

"உவை ஆர் அப்பா?"

"ஸ்தானிகர்மார்," என்றார், பேப்பரிலிருந்து கண்ணெடுக்காமல். வெளிநாட்டுத் தூதருக்கு எங்கள் பத்திரிகைகள் வைத்திருக்கும் சொல்.

அது 2003, குளிர்காலம். கலியாணம் முடித்த கையோடு சித்தப்பாவைக் கொழும்பில் விட்டுவிட்டு வந்த சித்தி, எங்களோடு இருந்தார். சித்தப்பாவுக்கு விசா கிடைக்காவிட்டால் தானும் திரும்பிப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தார். இரவில் நான் சித்தியின் போர்வைக்குள்தான் தூங்குவேன்.

ஒருநாள் சித்தப்பாவோடு பேசியபடி, தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே சித்தி சொன்னார்: "நாளைக்கு உயர் ஸ்தானிகராலயத்தில இன்டர்வியூவாம்."

ஆலயம் என்ற சொல் மட்டும் என் காதில் மணியாக விழுந்தது. ரிசீவரைப் பறித்தேன்.

"சித்தப்பா, உள்ள போகேக்க செருப்புக் கழட்ட வேணுமோ?"

"ஓம் பிள்ளை. சப்பாத்து, பெல்ட் எல்லாம் கழட்டினால்தான் விடுவினமாம்."

இனிச் சந்தேகமில்லை; அது கோயில்தான், படத்தில் இருப்பவர்கள் அதன் ஐயர்மார். அன்று பின்னேரம் வெளியே பனிமூட்டம். ரயில் போகும்போதெல்லாம் படத்தின் கண்ணாடி மெல்ல முனகியது. கனவான்கள் மந்திரம் சொல்வதுபோல இருந்தது. கத்தி இறங்கிக்கொண்டே இருந்தது, ஆனால் இறங்கவில்லை. நாற்காலியில் ஏறி, ஒவ்வொரு நெற்றியிலும் திருநீறு பூசினேன்.

"ஆரடி உந்தத் தொப்பிக்காரருக்குத் திருநீறு பூசினது?" அம்மா துணியோடு வந்தார். சித்தி அவர் கையைப் பிடித்தார்.

"இருக்கட்டும் அக்கா. விசா வரட்டும், பிறகு துடைக்கலாம்."

விசா வந்தது. சித்தப்பாவும் வந்தார். முதல்நாளே படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

"உந்தப் படம் அங்கையும் தொங்கினது. இன்டர்வியூ எடுத்தவருக்குப் பின்னால."

"சும்மா பகிடி விடாதேங்கோ," என்றார் சித்தி.

அந்தக் கனவான்களைப் பார்த்துச் சிரிக்கவென்றே ஒருவர் கீறிய படம் அது என்பதும், அதைத் தெரிந்திருந்த சித்தி நான் திருநீறு பூசிய அன்று ஏன் சிரிக்கவில்லை என்பதும் எனக்கு அப்போது விளங்கவில்லை.

திருநீற்றை இன்னும் யாரும் துடைக்கவில்லை. கொழும்பு அறையில் அந்தப் படம் தொங்கியதற்குச் சித்தப்பாவின் வாய்ச்சொல் மட்டுமே சான்று. சரிபார்க்க முடியவில்லை.