வளர விட்டுத் தைத்த தோட்டம்

செடியின் இலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்க்காமல் இஞ்சக்கா விலை கேட்கமாட்டாள். "கஞ்சி போட்ட மாதிரி வெறப்பா ஒண்ணு குடுங்க. லேஸ் மாதிரி ஒண்ணு. அப்புறம் வெல்வெட்டு."

நர்சரிக்காரர் தலையில் கைவைத்துக்கொள்வார். "ஏம்மா, ஜவுளிக்கடை அடுத்த தெரு!" ஆனாலும் மருளும் பெரணியும் கற்பூரவள்ளியும் சரியாக எடுத்துக் கொடுத்துவிடுவார். பூவுக்கென்று ஒரு நந்தியாவட்டையை அவராகவே சேர்ப்பார்.

பெண்களுக்குத் துணி தைக்கிறவள். இஞ்சு இல்லாமல் அவளுக்குப் பேச்சே வராது என்பதால் தெருவே சேர்ந்து வைத்த பெயர்தான் இஞ்சக்கா. தும்மல் வந்தால்கூட, "அரை இஞ்சு தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தும்முவாள். அவள் டேப்பை உருவினால் எதிர்வீட்டுச் சுவர் வயிற்றை எக்கிக்கொள்ளும். சந்தேகப்படுகிறவர்கள் வந்து அளந்துகொள்ளலாம்.

வாடகை வீட்டின் பின்புறம் பன்னிரண்டடிக்குப் பதினெட்டடி மண். அதில் சிமெண்ட் பூசித் தன் இரண்டாவது காரை நிறுத்த வீட்டுக்காரருக்கு ஆசை. இஞ்சக்கா மல்லுக்கு நின்றதில் கெடு வைத்தார். "ஞாயித்துக்கிழமை வருவேன். பாத்தா தோட்டம்னு தெரியணும். இல்லேன்னா திங்கக்கிழமை சிமெண்ட் எறங்கிடும்."

அவளோ சாண் உயர நாற்றுகளை எட்ட எட்ட நட்டிருந்தாள். மண்தான் தெரிந்தது.

லிஃப்ட் பழுதுபார்க்கும் அவள் கணவர் சன்னலில் நின்று சிரித்தார். "வழுக்கையில நாலு முடி மாதிரி இருக்கு. பெரிய செடியா வாங்கி நெருக்கி நட்டுடேன். அந்தாளு ஏமாந்துடுவாரு."

"ஆறே மாசத்துல ஒண்ணு கழுத்த ஒண்ணு நெரிக்கும். புள்ளைக்குக் கவுன் தெச்சா உள்ள ரெண்டு இஞ்சு மடிச்சு விடறோமே, எதுக்கு? வளரும்னுதானே? நகத்த மாட்டேன், போங்க."

ஞாயிறு காலை வெட்டுத்துணி மூட்டையை அவிழ்த்தாள். ஒவ்வொரு செடியும் முழுதாக வளர்ந்தால் எவ்வளவு இடம் அடைக்குமோ அந்த அளவுக்குத் துண்டுகளை ஒட்டுப்போட்டு வட்டமாக வெட்டி, நடுவில் கீறி, நாற்றின் தலைவழியாக மாட்டினாள். கற்பூரவள்ளிக்கு இரண்டடிப் பச்சை. நந்தியாவட்டைக்கு நாலடி வெள்ளை. கணவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, காற்றில் பறக்காதிருக்க ஓரங்களில் கல் வைத்தார்.

வீட்டுக்காரர் வந்தார். "என்னம்மா, துணி காயப் போட்டிருக்கியா?"

"இல்லீங்க. ரெண்டு வருஷம் கழிச்சு இருக்கப்போற தோட்டம். உள்ள வாங்க."

காரை மனத்தில் ஓட்டிக்கொண்டே அவர் நேராக நடந்தார். வெள்ளைத் துணி குறுக்கே வந்ததும் தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. செருப்பைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். வளைந்து சுற்றிக்கொண்டு போனார். பச்சையையும் சுற்றினார். "இதுல பூ எப்போ வரும்?" என்று கேட்டபடியே கடைசிச் சுவர்வரை போய்விட்டார்.

இஞ்சக்கா நடைபாதைக்கென்று ஒரு செங்கலைத் தூக்கி வந்து, அவர் வளைந்து போன இடத்தில் பதிந்திருந்த முதல் காலடியின் மேல் வைத்து, ஏறி நின்று அழுத்தினாள்.