தனபாலனின் இலை

மலாக்காவின் கம்போங் செட்டியில், மலாய் பேசும் தமிழர் தெருவில் பிறந்த தனபாலன் ஞானஸ்நானம் பெற்று டேவிட் ஆனார். மூன்று வருடம் ஊர் ஊராகப் பிரசங்கித்த அவரை, மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறு வருடம், போகியன்று பார்த்துச் சொந்தத் தெருவுக்கே ஊழியத்துக்கு அனுப்பியது சபை. எந்தப் புத்திசாலியின் யோசனையோ.

போகியன்று அந்தத் தெருவில் இறந்தவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து, ஆளுக்கோர் இலை போட்டுப் படைப்பார்கள். தனபாலன் வீட்டில் இறந்தவர்கள் நான்கு பேர். வாசலில் நின்று பார்த்தார், ஐந்து இலைகள் இருந்தன. ஐந்தாவதில் அவருக்குப் பிடித்த அன்னாசிக் கறி.

“அது யாருக்கும்மா?” என்று மலாயில் கேட்டார்.

அம்மா பூங்காவனம் நிமிர்ந்தாள். “என் மூத்த மகனுக்கு. செத்து மூணு வருஷமாச்சு. துவான் யாரைத் தேடி வந்தீங்க?”

வெள்ளைக்காரப் பாதிரியையும் அவள் துவான், ஐயா, என்றுதான் கூப்பிடுவாள்.

அன்று அவர் பிரசங்கிக்க வந்திருந்தது உயிர்த்தெழுதலைப் பற்றி.